உலோகக்கலவைச் சக்கரங்கள் நான்கு

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. பள்ளி விடுமுறை. என் மொபெட்டைக் கழுவிச் சந்தனம் வைத்தேன். வசந்தாமணி அவளுடைய காரை ஈரத்துணியால் துடைத்தாள், இடது கையாலேயே. நான் துடைக்கிறேன் என்றதற்கு, "நீங்க தொடச்சா கண்ணாடியில கோடு விழும்" என்றாள். கல்யாணமாகி இருபத்தாறு வருடமாக எதைத் துடைக்கப் போனாலும் எனக்கு இதே பதில்தான்.

நாலு சக்கரத்துக்கும் கீழே நாலு எலுமிச்சை வைத்தாள். வழக்கமாகச் சூடம் காட்டியதும் அவளே ஏறி வண்டியை முன்னால் எடுப்பாள், பழங்கள் நசுங்கும். இந்த வருடம் யாரும் ஏறவில்லை. எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. லைசென்ஸ் தேர்வில் இரண்டு முறை தோற்று, மூன்றாம் முறை போகாமலிருந்த புத்திசாலி நான். சாயங்காலம் வரை பழங்கள் முழுசாகக் கிடந்தன. அவள் எடுத்துக் கழுவி எலுமிச்சைச் சாதம் கிளறிவிட்டாள். நன்றாகவே இருந்தது.

சாப்பிடும்போது சொன்னாள். "ஏனுங்க, அந்த அலாய் வீலு நாலையும் வித்துப்போடலாமுங்க. கனமா இருக்குது."

முப்பது வருடம் தமிழ் நடத்துகிறவனுக்கு அந்த ஒரு சொல் போதும். பிப்ரவரியில் அவளுக்கு மார்பில் ஆபரேஷன். வலது அக்குள் வரைக்கும் எடுத்தார்கள். அதிலிருந்து அந்தக் கை வீங்குகிறது, பலமில்லை. எட்டு மாதமாகக் கார் ஷெட்டில் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் பத்து நிமிடம் இஞ்சினை மட்டும் ஓடவிட்டு அணைப்பாள். அந்த வண்டியைப் பார்க்கப் பார்க்க அவள் மனம் கனக்கிறது. இன்றைக்குச் சக்கரம், நாளைக்குக் கார், அப்புறம் எல்லாவற்றையும் விட்டுவிடுவாள்.

"சரி" என்றேன். புற்று என்ற சொல்லை இந்த நோட்டில் எழுதுவதில்லை என்று இருந்தேன். எழுதிவிட்டேன், போகட்டும்.

அக்டோபர் 3, வெள்ளி

அந்தச் சக்கரங்களின் வரலாறு. வசந்தாமணிக்கு மாட்டுத்தீவன ஏஜென்சி. உடுமலையைச் சுற்றி எந்த ஊரில் யார் தொழுவத்தில் எத்தனை மாடு, எது சினை, எது கறவை வற்றியது என்று கேட்டால் மூச்சு விடாமல் சொல்வாள். பழைய சின்னக் கார், பவர் ஸ்டியரிங் எல்லாம் இல்லாத காலத்தது. அதை வைத்துக்கொண்டு ஒரு நாளைக்கு எண்பது கிலோமீட்டர் சுற்றுவாள். ஐந்து வருடத்துக்கு முன் வியாபாரம் நன்றாக நடந்த வருடத்தில், நகை எடுக்கலாமே என்று நான் சொல்ல, அவள் அலாய் வீல் போட்டுக்கொண்டு வந்தாள். பளபளவென்று பூ விரிந்த மாதிரி நாலு. அகலமான டயர். தெருவே வந்து பார்த்தது. "காதுல போட்டா எனக்குத் தெரியாது. வீல்ல போட்டா ஊருக்கே தெரியுமுங்க" என்றாள்.

அதைத்தான் விற்கச் சொல்கிறாள்.

அக்டோபர் 4, சனி

விளம்பரம் எழுதி ஊர் வாட்ஸப் குழுவிலும் ஆசிரியர் குழுவிலும் போட்டேன்:

"உலோகக்கலவையாலான சக்கரங்கள் நான்கு, ஒரே தொகுதியாக விற்பனைக்கு. தகுதியுடையோர் மட்டும் அணுகுக."

அலாய் என்று எழுதியிருக்கலாமே என்று கணித ஆசிரியர் கேட்டார். தமிழில் சொல் இருக்கும்போது நான் ஏன் கடன் வாங்க வேண்டும்? மொழிக்காகத்தான் அப்படி எழுதினேன், வேறு காரணம் எதுவும் இல்லை. விலையும் கொஞ்சம் கூட்டியே சொல்வதாக இருக்கிறேன்.

அக்டோபர் 5, ஞாயிறு

ஏழு அழைப்புகள். ஏழும் பட்டாசுக்கு.

"சார், சக்கரம் செட்டு வெச்சிருக்கறீங்களாமா. நல்லா சுத்துமுங்களா?"

"சுத்தும்."

"எத்தன நேரம் சுத்தும்?"

"ஆயுள் முழுக்கச் சுத்தும்."

"கலர் மாறுமுங்களா?" என்று கேட்டார். தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது சக்கரம் என்று எழுதினால் தரைச்சக்கரம் என்றுதான் படிப்பார்கள் என்பது எனக்குத் தோன்றவில்லை. வசந்தாமணி சிரித்துச் சிரித்து இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். ஆபரேஷனுக்குப் பிறகு அவள் இவ்வளவு சிரித்து நான் பார்க்கவில்லை. விளம்பரத்தை மாற்றவேண்டாம் என்று முடிவு செய்தேன்.

அக்டோபர் 7, செவ்வாய்

பழனியிலிருந்து ஒருவர் அழைத்தார். விஷயம் தெரிந்தவர். எத்தனை இன்ச், எத்தனை போல்ட் என்றெல்லாம் கேட்டார். நாளைக்கே வருகிறேன் என்றார். விற்றாகிவிட்டது என்று சொல்லிவிட்டேன். அவர் குரல் எனக்குப் பிடிக்கவில்லை.

மாலை பள்ளியிலிருந்து வந்தபோது அவள் காருக்குள் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையும் ஸ்டியரிங்கில். நெற்றியை அதன்மேல் சாய்த்திருந்தாள், தோள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. நான் சத்தமில்லாமல் மொபெட்டைத் தள்ளிக்கொண்டு தெருமுனைக்குப் போய், ஒரு டீ குடித்துவிட்டு, ஹாரன் அடித்துக்கொண்டே திரும்பி வந்தேன். அவள் அடுப்பில் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள்.

அக்டோபர் 9, வியாழன்

சமையலறைக் கதவுக்குப் பின்னால் சுவரெல்லாம் பென்சில் கோடு. வெள்ளையடித்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. யார் கிறுக்கியது என்று சத்தம் போட்டேன்.

"நான்தானுங்க" என்றாள். வலது கையின் விரல்களைச் சுவரில் வைத்து எறும்பு ஏறுவதைப் போல மேலே மேலே நடத்திக் காட்டினாள். பாதி உயரத்தில் முகம் சுருங்கியது, நிறுத்தவில்லை. கடைசிக் கோட்டைத் தொட்டாள், தாண்டினாள், இடது கையால் பென்சிலை எடுத்துப் புதிதாக ஒரு கோடு போட்டாள். "ஆஸ்பத்திரியில சொல்லிக்குடுத்த பயிற்சி. தெனம் மூணு வேளை."

கோடுகளின் பக்கத்தில் தேதி இருந்தது. முதல் கோடு மார்ச், அவள் இடுப்புக்குக் கொஞ்சம் மேலே. இன்றைய கோடு தலைக்கு ஒரு சாண் மேலே. அவள் அடுப்பைப் பார்க்கப் போன பிறகு நான் வெகுநேரம் அந்தச் சுவர் முன்னால் நின்றேன். ஏழு மாதத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட கோடுகள். ஒரே வீட்டில்தான் இருக்கிறேன், ஒரு கோடுகூட என் கண்ணில் படவில்லை. இந்த ஏழு மாதத்தில் நான் எதில் ஒரு சாண் ஏறினேன் என்று யோசித்தேன். சர்க்கரை அளவில்தான்.

சுவருக்கு வெள்ளையடிக்கப் போவதில்லை.

அக்டோபர் 12, ஞாயிறு

"என்னங்க, ஒருத்தர்கூட வரலியே" என்று கேட்டாள். மக்களுக்கு ரசனை போதாது என்றேன். என் கையிலிருந்து போனை வாங்கினாள். இடது கட்டைவிரலாலேயே தட்டினாள்:

"அலாய் வீல் செட்டு, 14 இன்ச், நாலு போல்ட், டயரோட. முன்னாடி இடது வீல் ஒருக்கா குழில விழுந்து பெண்டாகிச் சரி பண்ணுனது. மத்த மூணும் அப்படியே இருக்குது. நேர்ல வந்து பாத்துட்டுச் சொல்லுங்க."

இலக்கணப்படி நாலு பிழை. பத்து நிமிடத்தில் ஆறு அழைப்பு. குறையை முதலிலேயே சொன்னால் யார் வருவார்கள் என்று கேட்டேன். "அதச் சொன்னாத்தானுங்க மத்த மூணையும் நம்புவாங்க" என்றாள்.

அக்டோபர் 18, சனி

எழுத நிறைய இருக்கிறது.

காலை பத்து மணிக்கு மடத்துக்குளத்திலிருந்து கனகசபாபதி என்பவர் வந்தார். பேக்கரி வைத்திருக்கிறார், நாற்பது வயதிருக்கும். இதே மாதிரிக் கார்தான் அவருடையதும், ஆனால் பவர் ஸ்டியரிங் உள்ளது. வசந்தாமணி நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு என்னை ஜாக்கி போடச் சொன்னாள். எங்கே வைப்பது என்று காட்டினாள். நான் சுற்றச் சுற்ற அவ்வளவு பெரிய வண்டி என் கையால் எழும்பியது. அதுவே எனக்குப் பெரிய ஆச்சரியம், வெளியில் காட்டிக்கொள்ளவில்லை.

"உங்க சாக்பீஸ் ஒண்ணு குடுங்க."

சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். சக்கரத்துக்குப் பக்கத்தில் செங்கல் இரண்டை அடுக்கி, அதன்மேல் சாக்பீஸை அசையாமல் பிடித்து, நுனி மட்டும் வீலின் விளிம்பைத் தொடுகிற மாதிரி வைத்தாள். "சுத்தி உடுங்க." சுற்றிவிட்டேன். நின்றதும் பார்த்தால், விளிம்பைச் சுற்றி விட்டுப்போகாத ஒரு வெள்ளைக் கோடு.

"வீலு நேரா இருந்தா கோடு முழுசா விழும். கோணல் இருந்தா அந்த எடத்துல உட்டுப்போகுமுங்க."

மூன்று சக்கரத்தில் முழு வட்டம். முன்னால் இடது பக்கத்தில், அவள் விளம்பரத்தில் சொன்ன அதே சக்கரத்தில், நாலு விரல் அகலத்துக்குக் கோடு விழவில்லை. அவளே அந்த இடத்தைத் தொட்டுக் காட்டினாள். "இது இவ்வளவு இருக்குது. இத பின்னாடி மாட்டிக்குங்க, தெரியாது." கனகசபாபதி குனிந்து பார்த்துவிட்டு, அவளைப் பார்த்து, "அக்கா, நீங்க எந்த ஒர்க்ஷாப்புல இருந்தீங்க?" என்று கேட்டார். சாக்பீஸை ஆயிரக்கணக்கில் தேய்த்துத் தீர்த்தவன் நான். அதற்கு இப்படி ஒரு வேலை தெரியும் என்று இன்றுதான் அறிந்தேன்.

அவள் காபி போட உள்ளே போனாள். அப்போது நான் செய்ததை எழுதத்தான் வேண்டும். குரலைத் தாழ்த்திக்கொண்டு அவரிடம் கேட்டேன்: "நீங்க ராசி பாக்கறவருங்களா? இல்ல, இந்த வண்டிக்காரிக்கு ஒடம்பு சரியில்லாமப் போச்சு. மார்புல ஆபரேஷன். அதான் வண்டி நிக்குது. அப்பறம் நீங்க வருத்தப்படக் கூடாது பாருங்க."

எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. சொன்னேன்.

"எங்கம்மாளுக்கும் அதே ஆபரேஷன்தானுங்க. பதினாலு வருசமாச்சு. இன்னிக்கும் கல்லாவுல அவங்கதான் உக்காந்திருக்கறாங்க. ஒரு தேங்கா பன்னு கணக்குல கொறஞ்சா என்ற தோலை உரிச்சுப்போடுவாங்க" என்றார்.

பதினாலு வருடம். அந்த அம்மாவைப் போய்ப் பார்த்துக் கும்பிட வேண்டும் போலிருந்தது. திரும்பினால் வசந்தாமணி காபித் தட்டோடு வாசற்படியில் நிற்கிறாள். எவ்வளவு கேட்டாள் என்று முகத்தில் தெரியவில்லை.

அடுத்த சனிக்கிழமை வந்து எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. அவர் போன பிறகு அவள், "ஏனுங்க, வீல விக்கறதுல உங்களுக்கு என்ன சங்கடம்?" என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். "செரி" என்றாள்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. மழை. ஒரு வெடியும் வெடிக்கவில்லை, பலகாரம் மட்டும் வெடித்தது, அதிரசத்தில் பாகு பதம் தப்பிவிட்டது.

அக்டோபர் 23, வியாழன்

கார் இனிமேல் வெறும் தகரமாக நிற்கப் போகிறது. விற்கவேண்டாம் என்று நேரே சொல்லிவிடலாம் என்று மூன்று முறை அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மூன்று முறையும் மின்கட்டணம் பற்றிப் பேசிவிட்டு எழுந்தேன்.

அக்டோபர் 25, சனி

கை முழுக்கக் கிரீஸ். எழுத்து கோணலாகத்தான் வரும்.

கனகசபாபதி சாயங்காலம் வருவார், அதற்குள் கழற்றி வைக்க வேண்டும். ஆள் கூப்பிடலாம் என்றேன். "நீங்களே கழட்டுங்க, நான் சொல்றன்" என்றாள். நாற்காலியைப் போட்டுக்கொண்டாள். நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மண்டியிட்டேன்.

நட்டுகளை வண்டியைத் தூக்குவதற்கு முன்பே தளர்த்திவிட வேண்டுமாம், தூக்கின பிறகு சக்கரம் கூடவே சுற்றும். மாட்டும்போது ஒன்றை முடுக்கினால் அடுத்து எதிரில் இருப்பதைத்தான் முடுக்க வேண்டுமாம், பக்கத்தில் இருப்பதைத் தொடக் கூடாதாம். "இல்லாட்டி வீலு ஒரு பக்கமா சாஞ்சு உக்காந்துக்கும்." பக்கத்திலிருப்பதைத்தான் என் கை தேடியது. இரண்டு முறை திட்டு வாங்கினேன். என் மாணவர்கள் என்னைப் பார்த்து ஏன் அப்படி விழிக்கிறார்கள் என்று புரிந்தது.

முதல் சக்கரம் கழன்று என் மடியில் விழுந்தது. அதன் பின்னால் இருந்த இடத்தைப் பார்த்தேன். நாலு போல்ட்டும் ஒரு வட்டத் தகடும், அவ்வளவுதான். எத்தனை வருடமாக அவளையும் மூட்டைகளையும் இந்த நாலு போல்ட் சுமந்திருக்கிறது என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பாத்தது போதும். குடோன்ல பழைய வீலு சாக்குல கட்டி வெச்சிருக்குது, எடுத்துட்டு வாங்க."

தீவன குடோனில் நாலு சாக்கு. பழைய இரும்புச் சக்கரங்கள், கார் வாங்கியபோது கூடவே வந்தவை. தூசியும் துருவுமாக இருக்கும் என்று நினைத்து அவிழ்த்தேன். சக்கரத்துக்குக் கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தது. டயர் புத்தம் புதுசு. மேலெல்லாம் முள்முள்ளாக நீட்டிக்கொண்டிருக்கும் அந்த ரப்பர்கூட உதிரவில்லை. ஒல்லியான டயர்.

உருட்டிக்கொண்டு வந்து ஒன்றை மாட்டி நட்டுகளை முடுக்கிக்கொண்டே, "இது எப்ப?" என்று கேட்டேன்.

"போன மாசம். டயர்க்கடை பசீர் பாய் வந்து எடுத்துட்டுப் போயி மாட்டிக் கொண்டாந்தாரு. நீங்க பள்ளிக்கொடத்துல இருந்தீங்க."

"நிக்கிற வண்டிக்கு எதுக்கு அம்மிணி புது டயர்?"

அவள் என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்கு வராது.

"நிக்கிற வண்டியா? ஏனுங்க, ஓட்டறதுக்குத்தான வீலையே மாத்தறோம். அலாய்க்குப் போட்ட டயரு அகலமுங்க. தரைய அப்படியே புடிச்சுக்கும். பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டியில அத ஒடிச்சுத் திருப்ப ரெண்டு கையிலயும் பலம் வேணும். என்ற வலது கைக்கு ஆகாது. இது ஒல்லி, லேசா திரும்பும். டாக்டரம்மாகிட்டயும் கேட்டுட்டன். லேசா இருந்தா ஓட்டுங்கன்னாங்க."

"அன்னிக்கு வண்டிக்குள்ள உக்காந்து அழுதியே?"

"நான் எங்கீங்க அழுதன்? ஸ்டியரிங்க ஒடிச்சுப் பாத்தன். அரைச் சுத்துக்கு மேல வரல, மூச்சு வாங்குச்சு." அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது. "கனமா இருக்குதுன்னு ஸ்டியரிங்கத்தான சொன்னன். நீங்க என்னன்னு நெனச்சீங்க?"

நான் ஸ்பேனரைக் கீழே வைத்தேன். முப்பது வருடமாக, ஒரு சொல்லுக்கு நேர்ப்பொருள் இருக்கும்போது மறைபொருள் தேடாதே என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பொண்டாட்டி ஸ்டியரிங் கனம் என்றால் மனசு கனம் என்று எடுத்துக்கொண்டு, ஒரு மாதமாக அவள் வழியை நானே மறித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடப் பெரிதாக வேறொன்று இருந்தது. மலைப்பு என்றுதான் சொல்ல வேண்டும். நான் அவளுக்காக உள்ளே அழுதுகொண்டிருந்த நாளெல்லாம் அவள் டயர் அளவு பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். பழனிக்காரரிடம் சொன்ன பொய்யையும்.

"தெரியுமுங்க. என்ற விளம்பரத்தப் பாத்துட்டு அவரே மறுக்காக் கூப்புட்டாரு. உங்க வீட்டுல ஒரு ஆளு வித்தாச்சுங்கறாரு, ஒரு ஆளு இருக்குதுங்கறீங்க, மொதல்ல பேசி முடிவு பண்ணுங்கன்னு வெச்சுட்டாரு." கொஞ்சம் நிறுத்தி, "ராசின்னு சொன்னதும் கேட்டுச்சு" என்றாள்.

நான் தலை நிமிரவில்லை. அவள் எழுந்து வந்து, நான் கடைசியாக முடுக்கிய நட்டை இடது கையால் தொட்டுப் பார்த்தாள். "இது இன்னும் ஒரு கால் சுத்து வருமுங்க" என்றாள். முடுக்கினேன்.

கனகசபாபதி வந்து நாலையும் ஏற்றிக்கொண்டு போனார். அவர் அம்மா கொடுத்தனுப்பியதாக ஒரு பை வர்க்கி பிஸ்கட் கொடுத்தார்.

அக்டோபர் 26, ஞாயிறு

காலை 7.10. கிளம்பிவிட்டாள். நான் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். "எறங்குங்க" என்றாள். "நீங்க பயந்துட்டு விடற மூச்சுச் சத்தத்துல எனக்குக் கியரே விழாது." இறங்கினேன். ஷெட்டிலிருந்து பின்னால் எடுத்து, கேட்டில் ஸ்டியரிங்கை ஒடித்தாள். அவள் வலது கையையே பார்த்தேன். தண்ணீரில் கை அளைகிற மாதிரி லேசாகத் திருப்பினாள். தெருமுனையில் இண்டிகேட்டர் போட்டுத் திரும்பி மறைந்தாள். ஒரு ரவுண்டு போய்விட்டு வருகிறேன் என்றுதான் சொல்லியிருந்தாள். அது எந்த ஊர் ரவுண்டு என்று கேட்டுக்கொள்ளவில்லை.

7.50. வரவில்லை. நோட்டை எடுத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறேன். நட்டுகளை நான்தான் முடுக்கினேன். பதினாறு. எல்லாவற்றையும் அவள் தொட்டுப் பார்த்தாளா?

8.25. போன் எடுக்கவில்லை. ஓட்டும்போது எடுக்க மாட்டாள், அது அவள் வழக்கம். பால்காரர், "அம்மிணிய ரயில்வே கேட்டுகிட்டப் பாத்தனுங்க வாத்தியாரய்யா, அவங்கதானான்னு ரெண்டு தடவ பாத்தன்" என்று சொல்லிவிட்டுப் போகிறார்.

9.05. கூப்பிட்டுவிட்டாள். வண்டியை ஓரம் கட்டிவிட்டுப் பேசுகிறாள். கையைப் பற்றிக் கேட்டேன், காது கொடுக்கவில்லை. "கையில பேனா இருக்குதுங்களா? சட்டுனு எழுதிக்குங்க, எட்டு மாசமா எல்லாரும் வேற ஆள்கிட்ட வாங்கிட்டு இருந்திருக்கறாங்க." கையில் இந்த நோட்டுதான் இருக்கிறது.

கொழுமம். சென்னியப்பன். பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு மூன்று மூட்டை. செவ்வாய்க்குள்.

குமரலிங்கம். பால் சொசைட்டி பக்கத்து வீடு, ருக்மணியம்மாள். கோதுமைத் தவிடு ஆறு. இரண்டு மாடு சினை.

கல்லாபுரம். பெயரைச் சொல்வதற்குள் சிக்னல் போய்விட்டது. இடம் விட்டு வைத்திருக்கிறேன்.